யாரும் வெளியே பார்க்காத கோல்ஃப் பத்திரிகை

தமிழில் ஒரு கோல்ஃப் பத்திரிகை வருகிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அது ராயபுரத்திலிருந்து வருகிறது என்று சேர்த்துச் சொன்னால் மீதிப் பேரும் எழுந்து போய்விடுவார்கள். அதற்கு ஆசிரியர் நான்தான் என்று நான் வழக்கமாகச் சொல்வதில்லை. அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா என் செருப்பைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு காபியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பத்திரிகையை ஆரம்பித்தவர் எங்கள் முதலாளி. கப்பலில் கேப்டனாக இருந்து கரைக்கு வந்து, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, குடிதண்ணீர் சப்ளை செய்பவர். அப்பா விட்டுப்போன அச்சகம் ஒன்றும் அவரிடம் இருந்தது. வலையும் நைலான் கயிறும் விற்கிற கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ், பின்கட்டில் மெஷின். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எல்லாம் அடிப்போம். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் மெஷின் சும்மா நிற்கும். அது சும்மா நிற்பதைக் கேப்டனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கோல்ஃப். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

நான் அங்கே ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கூப்பிட்டார்.

"கோல்ஃப் தெரியுமா?"

"தெரியாது சார்."

"நல்லது. கோல்ஃப் தெரிஞ்சவன் எவனும் நேரத்துக்கு ஆபீஸ் வர மாட்டான். நீதான் ஆசிரியர்."

அதைவிடச் சுருக்கமான நேர்காணலை நான் பார்த்ததில்லை. என் வாழ்க்கையில் தகுதியின்மைக்காகக் கிடைத்த ஒரே பதவி உயர்வும் அதுதான்.

ஆங்கிலத்தில் இந்த விஷயத்துக்கு ஏராளமான பத்திரிகைகள் இருப்பது கேப்டனுக்குத் தெரியும். அவர் கணக்கு வேறு. தமிழ் மீடியத்தில் படித்து, தொழில் செய்து, கையில் காசு வந்து, கிளப்பில் சேர்ந்துவிட்டு ரூல் புரியாமல் முழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். புல் வெட்டுகிறவர்கள், மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நம் மொழியில் ஒன்று வேண்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எழுத வேண்டியவன் நான் என்பது மட்டும்தான் இடித்தது.

முதல் இதழுக்காக நானும் எங்கள் டிசைனரும் உட்கார்ந்து வார்த்தைகள் தேடினோம். மணல்குழி, கொடிக்கம்பு, பச்சைத்திடல் என்று நான் சொல்லச் சொல்ல அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார் இது. தூரத்துலேந்து அடிச்சு குழியில தள்ளணும், அவ்ளோதானே? பெரிய மன்சன்லாம் சேந்து கோலி ஆட்றானுங்க. அதுக்குப் போயி இத்தினி பில்டப்பு."

அன்றுமுதல் அந்த ஆட்டம் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் புரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

பத்திரிகையின் செல்வாக்கைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். கோல்ஃப் உலகில் அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சந்தா கட்டியவர்களில் பாதி கம்பெனிகள். ரிசப்ஷன் மேஜைமேல் பத்திரிகை பிரிக்காமல் கிடக்கும். வாசகர் கடிதம் என்று வந்தவை எல்லாம் முகவரி மாற்றம். ஆனால் எங்கள் ஏரியாவில் அதன் செல்வாக்கை அசைக்க முடியாது. வழவழவென்ற தாள் ஈரத்தை உறிஞ்சாது என்பதால் மீன்காரம்மாக்கள் முதல் மாதமே நிராகரித்துவிட்டார்கள். அதே காரணத்துக்காகப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போட எடுத்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் காலையில் எங்கள் தெருவில் நின்றால் பள்ளிக்கூடம் போகிற கைகளில் எல்லாம் பச்சைப்புல். கணக்கு நோட்டில் ஒரு மணல்குழி, வரலாறு நோட்டில் ஒரு குளம். சலூனில் முடிவெட்டக் காத்திருப்பவர்கள் படம் பார்ப்பார்கள். நெட்டுக்குப்பத்தில் டிசைனரின் அக்கா வீட்டில் நடுப்பக்கப் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும், திரும்பினால் கண்ணுக்கெட்டும் தூரம் புல்வெளி. அந்த அம்மாள் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இது எந்த ஊரு சார்? இத்தினி புல்லு கீது, ஒரு மாடு கூட காணோமே."

படத்துக்குக் கீழே தேடினேன், ஊர்ப் பேரை நான் போடவே இல்லை.

இப்போது டிசைனரைப் பற்றி. எங்களிடம் வருவதற்குமுன் அவர் பேனர்களில் பேர் எடுத்தவர். திருவொற்றியூர் வரைக்கும் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு எதுவானாலும் அவர் கைதான். பேனர் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஓரத்தில் நிற்கும் யாரும் வெளியே பார்க்கக் கூடாது. இடது ஓரத்தில் இருப்பவர் வலது பக்கம் பார்க்க வேண்டும், வலது ஓரத்தில் இருப்பவர் இடது பக்கம். எல்லோர் பார்வையும் நடுவில் இருக்கும் தலைவர்மேல், இல்லாவிட்டால் காதுகுத்தும் குழந்தைமேல். ஒருமுறை ஒரு வட்டப் பொறுப்பாளரின் படம் தலைவருக்கு முதுகைக் காட்டி அமைந்துவிட்டதாம். மறுநாளே அவர் கட்சி மாறப் போகிறார் என்று பேச்சு கிளம்பி, அந்த மனிதர் டிசைனர் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாராம். அதிலிருந்து, படத்தில் இருப்பவர் வெளியே பார்த்தால் டிசைனரின் கை தானாகப் போய் அவரைத் திருப்பிப் போட்டுவிடும். கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகும், வலம் இடமாகும். சட்டைப் பையில், தொப்பியில் எழுத்து இருந்தால் அதை மட்டும் தனியாக வெட்டி நேராக்கி ஒட்டிவிடுவார். அவ்வளவு நறுவிசு. படம் திரும்பியிருக்கிறது என்று அதை எடுத்த போட்டோகிராபருக்கே தெரியாது.

எங்கள் பத்திரிகையில் 'ஆடப் பழகு' என்று ஒரு பகுதி. கேப்டனின் பழைய சிநேகிதர் ஒருவர், வெளிநாட்டில் பயிற்சியாளராக இருப்பவர், மாதாமாதம் ஆங்கிலத்தில் பாடமும் படமும் அனுப்புவார். நான் தமிழாக்குவேன். பாடம் வலப்பக்கத் தாளில் வரும். எதிர்த் தாள் விளம்பரத்துக்கு. படங்களில் ஆட்டக்காரர் மட்டையை வீசி முடித்துப் பந்து போன திசையைப் பார்ப்பார். பார்ப்பது படத்தின் வலது பக்கம். அதாவது, தாளுக்கு வெளியே.

இதற்குமேல் நான் சொல்ல வேண்டுமா?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாடத்தில், மட்டையை இடது கை மேலேயும் வலது கை கீழேயுமாகப் பிடிக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். படத்தைப் பார்த்தேன். வலது கை மேலே இருந்தது. வெளிநாட்டில் இருந்தாலும் மனிதர்தானே, அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டு படத்துக்கு ஏற்றபடி திருத்தினேன். மாதாமாதம் மாற்றி எழுதினார், மாதாமாதம் திருத்தினேன். 'இந்த ஆளுக்கு இடது வலது தெரியாது' என்று வீட்டில் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கேப்டன் மாடிக்கு வந்தார். முட்டி வலி. படியேறியதில் மூச்சு வாங்கியது.

"நான் போதும்ப்பா. சப்ளை வேலையைத் தம்பி பையன் பாத்துக்குறான். அச்சகத்தையும் பத்திரிகையையும் யாராவது சேத்து எடுத்துக்கிட்டாச் சரி. இல்லன்னா பொங்கலோட மூடிடலாம்."

மூடினால் மெஷின்மேன், பைண்டர், டிசைனர் எல்லோரும் தெருவில் நிற்பார்கள். டிசைனரை எவனாவது பேனருக்குக் கொத்திக்கொண்டு போவான். ஐம்பதைத் தாண்டிய ப்ரூஃப் ரீடரை, அதுவும் தமிழ்க் கோல்ஃப் அனுபவம் உள்ளவனை, யார் கொத்துவார்கள்?

"ஒருத்தர் ஆசைப்படுறார்," என்றார் கேப்டன். "மாத்தூர் பக்கம் கன்டெய்னர் யார்டு வெச்சிருக்கார். தண்டையார்பேட்டை பாய். லேட்டாதான் கோல்ஃப்ல எறங்கினார், நம்ம சந்தாதாரர். சனிக்கிழமை வரேன்னு சொன்னார். அந்தப் பாடம் போடுறவங்களை நேர்ல பாக்கணுமாம். எதுனா கேட்டா முழிக்காத. வா, ஒரு தடவையாவது மைதானத்தைப் பாத்துட்டு வந்துடு."

அப்படித்தான் ஆசிரியராகித் தலை நரைத்த பிறகு நான் முதன்முதலாக ஒரு கோல்ஃப் மைதானத்தில் கால் வைத்தேன். நகரத்தின் தென்பக்கம். காற்றில் எந்த வாசனையும் இல்லாதது முதலில் கொஞ்சம் பயமாக இருந்தது. கேப்டன் நிழலில் உட்கார்ந்தார். நான் ஆடுகிறவர்களைப் பார்த்தேன். ஒருவர் அடித்தார். இன்னொருவர் அடித்தார். எனக்குள் ஏதோ இடறியது. நான் அச்சிட்ட படங்களில் நிற்பதற்கு எதிர்ப்பக்கமாக எல்லோரும் நின்றார்கள். இடது கை மேலே இருந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது இதுதான்: பாவம், இந்தக் கிளப்பில் எல்லோரும் தப்பாக ஆடுகிறார்கள்.

கேப்டனிடம் மெதுவாகக் கேட்டேன். "சார், இவங்க எல்லாம் ஏன் இந்தப் பக்கம் நிக்கிறாங்க?"

"வேற எந்தப் பக்கம் நிப்பாங்க? சோத்துக்கையால ஆடுறவன் இப்படித்தான் நிப்பான். நொட்டாங்கைக்காரன்தான் அந்தப் பக்கம். நம்ம கிளப்புல அப்படி யாரும் இல்ல."

"நம்ம பாடத்தை நீங்க படிக்கிறதுண்டா சார்?"

"சே. படிச்சா என் ஆட்டம் கெட்டுடும்."

வழியெல்லாம் கார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆபீஸுக்குள் நுழைந்ததும் டிசைனரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நைனா, பாடத்துப் படத்தையெல்லாம் திருப்பிப் போடுறியா?"

"ஆமா சார். பின்ன? அவன் பாட்டுக்கு வெளிய பாத்துகினு கீறான். படிக்கிறவன் கண்ணும் அப்டியே வெளிய போயிடும்ல."

"எல்லாப் படத்தையுமா?"

"எல்லாம் அதே பக்கம்தான பாக்குது."

"யோவ், அத்தனை பேரையும் நொட்டாங்கை ஆக்கிட்டோம்யா."

அவர் பழைய இதழ் ஒன்றை எடுத்துப் புரட்டினார். "எழுத்துலயும் அப்டித்தான கீது? அத நீதான சார் எழுதன?"

நான் போய்த் தண்ணீர் குடித்தேன்.

சனிக்கிழமைக்குள் என்ன செய்யலாம் என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். பழைய இதழ்களை ஒளித்துவைக்கலாம் என்றேன். பாய் வீட்டில் இருப்பதை யார் ஒளிப்பது என்றார் டிசைனர். எனக்கு ஜுரம் என்று சொல்லிவிடலாமா என்றேன். அப்போ எனக்கும் ஜுரம் என்றார். பாடத்தை நம்பி ஆடி, தோள்பட்டை பிசகி, வக்கீலோடு ஒரு மனிதர் படியேறி வருவது என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. யார்டு வைத்திருப்பவர் வேறு. கிரேன் எல்லாம் வைத்திருப்பார்.

பாய் தனியாகத்தான் வந்தார். வெள்ளைச் சட்டை, அடர்த்தியான தாடி, கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து எங்கள் பத்திரிகைகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஓரமெல்லாம் மடிந்து கசங்கி, எண்ணெய்க்கறை படிந்து இருந்தன. எங்கள் பத்திரிகை ஒன்று படிக்கப்பட்டதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். கேப்டன் நாற்காலியில் சாய்ந்தபடி எங்களை அறிமுகப்படுத்தினார்.

பாய் எங்கள் கைகளைப் பார்த்தார். "இதுல நொட்டாங்கைக்காரு யாரு?"

நாங்கள் இருவரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனோம்.

"சொல்லுங்க. அவருக்குக் கை குடுக்கத்தான் வந்தேன்," என்றார். மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்தார். கால்களை அகட்டி நின்று, வலது கையை மேலே வைத்துப் பிடித்து வீசினார். எங்கள் பாடப்படம் உயிரோடு எழுந்து நின்றதுபோல இருந்தது.

"சின்னதுலேந்து எனக்கு எல்லாம் நொட்டாங்கைதான். சாப்புடறது சோத்துக்கையால, அதுல எனக்கு ஒரு பேச்சும் இல்ல. ஆனா இதால எழுதினாலும் அடிப்பாரு எங்க வாத்தியாரு. ஸ்கேலக் குறுக்க வெச்சு, வெரல் முட்டி மேலயே. அப்புறம் மாத்திக்கினேன். கோல்ஃப் கத்துக்கப் போனா அங்கயும் சோத்துக்கைப் பக்கம்தான் நிக்கணும்னு நிறுத்திட்டாங்க. ஒரு பந்து நேராப் போவல. கூட வந்த தோஸ்துங்கள்லாம் சிரிப்பானுங்க. வுட்டுடலாம்னு கீறப்பத்தான் உங்க புக்கு வந்துச்சு. தொறந்தா எல்லாரும் என்ன மாதிரி. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, எல்லாருமே. நம்ம பக்கத்துக்குன்னு ஒரு புக்கே போட்றாங்கன்னு நெனச்சேன். நொட்டாங்கை மட்டையா வாங்கினேன். இப்ப அந்தத் தோஸ்துங்க யாரும் சிரிக்கிறதில்ல."

கேப்டன் இதழ் ஒன்றை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். அவர் புருவம் மெல்ல மேலே ஏறியது.

என்னிடம் ஒரு வழி இருந்தது. இடது கையை நீட்டியிருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். நீட்டலாம் என்றுகூடப் பார்த்தேன். ஆனால் அந்த ஆள் அவ்வளவு கசங்கிய பத்திரிகையைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த மாதம் முதல் சரியாகப் போட்டாலும் மாட்டுவோம், தப்பாகப் போட்டாலும் மாட்டுவோம் என்கிற கோழைத்தனமும் சேர்ந்துகொண்டது.

"பாய், நாங்க ரெண்டு பேருமே சோத்துக்கைதான். படம் வெளியே பாக்குதுன்னு இவரு திருப்பிப் போட்டுட்டாரு. படத்தை நம்பி நான் எழுத்தையும் மாத்திட்டேன். முந்தாநாள்தான் எங்களுக்கே தெரியும்."

பாய் துடைப்பத்தைப் பழையபடி மூலையில் சாத்தினார்.

"திருப்பிப் போட்டாருன்னா? எப்டி?"

டிசைனர் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தார். மட்டையை வீசி முடித்த ஓர் ஆள் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டிசைனர் ஒரு தட்டுத் தட்டினார். ஆள் இடப்பக்கம் பார்த்தார்.

"இன்னொருக்கா," என்றார் பாய்.

திரும்பினார்.

"இன்னொருக்கா."

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானே தட்ட ஆரம்பித்தார். ஆள் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் பாய் விரலை எடுத்துவிட்டு, தன் இடது கை முட்டிகளைத் தடவிக்கொண்டார்.

"ஒரு தட்டுல முடியற வேலை. இதுக்குப் போயி அந்த வாத்தியாரு மூணாங்கிளாஸ் ஃபுல்லா அடிச்சாரு."

பிறகு சிரித்தார். முதலில் தாடிக்குள், பிறகு வெளியே, பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு. கேப்டனும் சேர்ந்துகொண்டார். டிசைனர் என்னைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று இருவருக்கும் தெரியவில்லை. பின்கட்டிலிருந்து மெஷின்மேன் என்னமோ ஏதோ என்று படியேறி வந்து எட்டிப்பார்த்தார்.

"அச்சகத்த எடுத்துக்கறேன் கேப்டன்," என்றார் பாய் கண்ணைத் துடைத்தபடி. "ஆளுங்களோட. ஆனா என் பக்கத்த மாத்தக் கூடாது."

"அப்போ மத்தவங்க?" என்றேன்.

டிசைனர் அதற்குள் திரையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்திருந்தார். எதிர்த் தாளில் இருந்த விளம்பரத்தைப் பின்னால் தள்ளினார். திருப்பாத ஆளை அங்கே வைத்தார், திருப்பிய ஆளை வலப்பக்கம் விட்டார். சோத்துக்கைக்காரர் இடத் தாளில் நின்று உள்ளே பார்த்தார். நொட்டாங்கைக்காரர் வலத் தாளில் நின்று உள்ளே பார்த்தார். தகராறு தீர்ந்து ராசியான இரண்டு பங்காளிகள் மாதிரி இருந்தார்கள்.

"இப்ப பாரு சார். ஒருத்தனும் வெளிய பாக்கல," என்றார் டிசைனர். அவருடைய கவலை கடைசிவரை அது ஒன்றுதான்.

இப்போது பத்திரிகை அப்படித்தான் வருகிறது. பாடத்தை நான் இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கிறது, சம்பளம் ஒரு தடவைதான். நொட்டாங்கைக்காரர்கள் சிலர் எங்கிருந்தெல்லாமோ சந்தா கட்டியிருக்கிறார்கள். முகவரி மாற்றம் அல்லாத முதல் வாசகர் கடிதமும் வந்தது. பயிற்சியாளருக்கு இதழ் அனுப்ப வேண்டும் என்று கேப்டன் சொல்கிறார். நான் தபால் செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டு வருகிறேன்.

கைமாறிய முதல் இதழில் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு குழுப்படம் போட்டோம். நடுவில் பாயும் கேப்டனும். வலது ஓரத்தில் நான், வழக்கம்போலப் படமெடுக்கிற நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். அச்சில் வந்தபோது உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். இதழ் வந்ததும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மனைவி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"வகிட்ட மாத்திக்கினியா இன்னா? இப்டியே எடு. இதான் நல்லாகீது."

இத்தனை வருஷம் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள். நானும் மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, சீப்பை மறுபக்கத்திலிருந்து இழுத்துப் பார்த்தேன். முடிதான் மறுத்தது.